ஐம்பத்தேழாம் எண் வயர்

எந்தச் சிப்பின் மானுவலைக் கையில் கொடுத்தாலும் சுகிர்தா முதலில் செய்கிற காரியம் முப்பத்திரண்டைக் கழிப்பதுதான். சிலருக்கு வண்டியை எடுக்கும் முன் டயரை ஒரு உதை உதைத்துப் பார்க்காவிட்டால் ஆகாது, இவளுக்கு இது. ஐந்து வருஷமாகக் கழித்துக் கழித்து அந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதில் தப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

சோழவரத்துப் பெண். அப்பா இம்மானுவேல் அடுத்தவர் வயலில் வரப்பு அண்டை வெட்டியவர், பிறகு ஒரு பெயின்ட் கம்பெனியில் லோடிங் வேலைக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டார். மகளை எப்படியோ இன்ஜினியரிங் படிக்க வைத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பன்னிரண்டே பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. மெஷின்களுக்கு மூளை செய்கிற கம்பெனி அது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, அதில் ஒரு சிப், சிப்புக்குள் ஓடும் சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் அடிவயிறான கர்னல். அந்தக் கர்னல்தான் சுகிர்தாவின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துக்கொள்வாள். விளக்க ஆரம்பித்தால் கேட்டவர் நைசாக நழுவிவிடுவார்.

ஆனால் விளக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. சிப்புக்கு வெளியிலிருந்து நிறைய வயர்கள் வருகின்றன. சென்சார் ஒன்று, மோட்டார் ஒன்று, பட்டன் ஒன்று. ஏதாவது ஒன்று அவசரமாகக் கூப்பிட்டால் கர்னல் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். கூப்பிட்டது யார் என்று தெரிய ஒவ்வொரு வயருக்கும் ஒரு எண். முதல் முப்பத்திரண்டு எண்களைச் சிப் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறது, வெளி வயர்களுக்கு அதற்கு மேல்தான். ஆனால் கர்னலுக்கு எழுதிக் கொடுக்கும்போது வெளி வயர்களை மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணி எழுத வேண்டும். அதனால்தான் இந்தக் கழித்தல். எழுதியதை வாங்கிக்கொண்டு, திரையில் காட்டும்போது கர்னல் பழையபடி முப்பத்திரண்டைக் கூட்டிக் காட்டும். இதை யோசித்து வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை காலை முதலாளி ஆதிநாராயணன் அவளைக் கூப்பிட்டு, தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்புக்குப் போய்வரச் சொன்னார். அங்கே ஒரு பெரிய பிரஸ்ஸில் இவர்களுடைய புது போர்டு ஓடுகிறது. பிரஸ்ஸின் வாயில் குறுக்காக ஒளிக்கதிர் சென்சார் உண்டு, கை உள்ளே போனால் மெஷின் சட்டென்று நிற்க வேண்டும். திங்கட்கிழமை நிற்கவில்லை. லோகு என்ற ஆபரேட்டரின் கையுறை நுனியை, மேலிருந்து இறங்கித் தகட்டை அடிக்கும் இரும்பு அச்சான டை கடித்துக்கொண்டு போய்விட்டது. விரல் தப்பியது தெய்வாதீனம்.

“போர்டு நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் கேக்கறாங்கம்மா. பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டு வந்துடு,” என்றார் ஆதிநாராயணன். “மத்தியானம் அந்த ஆளுக்கு என்கொயரி இருக்காம்.”

பிரஸ் ஷாப்பின் மேனேஜர் பரசுராமன் தன் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கை உள்ளே போய், மெஷின் நின்று, மறுபடி ஓட்டி என்றால் பீஸ் கணக்கு எட்டாது என்று சென்சாருக்கு ஒரு துண்டு வயரைக் குறுக்கே போட்டு ஏமாற்றி ஓட்டுகிற ஆபரேட்டர்கள் இந்த சிப்காட்டில் இல்லாமலில்லை. லோகுவும் அதைத்தான் செய்தான், விபத்து நடந்ததும் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டான் என்பது அவர் கட்சி. வேலையை விட்டு எடுப்பதற்குக் கடிதம்கூட டைப் அடித்து வைத்திருந்தார். சுகிர்தாவின் ரிப்போர்ட் வந்தால் கையெழுத்து, அவ்வளவுதான்.

“நீயே பாரும்மா,” என்று ஒரு பிளாஸ்டிக் கழியை எடுத்துக் கதிருக்குக் குறுக்கே நீட்டிப் பிடித்தார். ஓடிக்கொண்டிருந்த பிரஸ் நின்றது. பத்து தடவை நீட்டினார், பத்து தடவையும் நின்றது. அவளும் நீட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. லேப்டாப்பைத் திறந்து ரிப்போர்ட்டில் தேதியைப் போட்டாள்.

அப்போதுதான் ஷாப் வாசலில் கைகட்டி நின்றிருந்த ஆள் உள்ளே வந்தான். நாற்பது வயதிருக்கும், ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன், பதினோரு வருஷமாக இதே ஷாப்பில் இருப்பவன். லோகு.

“மேடம், ஆயில் மோட்டாரு ஓடும்போது நிக்குது மேடம். அது ஓடாதப்போ பாருங்க.”

பரசுராமன் சிரித்தார். “நாலு நாளா இதே கதைதான் சொல்லிக்கினு இருக்கான். ஆயில் மோட்டாருக்கும் சென்சாருக்கும் இன்னாய்யா சம்பந்தம்?”

“சம்பந்தம் எனக்கு இன்னா சார் தெரியும்? கண்ணால பாத்தத சொல்றேன். காலைல மொத ஒரு மணி நேரம் மெல்லிசு தகடு ஓட்றோம், ஆயில் போடறதில்ல. அப்போ லேட்டா நிக்குது. ஒரு வாரமா பேஜாரா இருந்திச்சு, சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு.”

சுகிர்தாவுக்கும் உள்ளூரச் சிரிப்புதான். ஆயில் மோட்டாரின் வயர் வேறு, சென்சாரின் வயர் வேறு. மாட்டிக்கொண்ட மனிதன் எதையாவது பிடித்துத் தொங்கத்தானே பார்ப்பான் என்று நினைத்தாள். ஆனால் ரிப்போர்ட்டுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. எந்த வயர் எத்தனை தடவை கூப்பிட்டது என்று கர்னல் வைத்திருக்கும் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். சென்சார் வரியில் ஐம்பத்தேழு என்றிருந்தது. மானுவலிலும் ஐம்பத்தேழு. போர்டு செய்த அன்றைக்கே இந்த இரண்டையும் ஒத்துப் பார்த்து டிக் அடித்தவள் அவள்தான்.

படம் எடுக்கப் போனவளின் விரல் நின்றது. சென்சார் வரியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பத்து, நானூற்றுப் பதினெட்டு, நானூற்று முப்பது. பிரஸ்ஸின் அருகில் யாருமே இல்லை. ஒருவர் கையும் கதிரைத் தொடவில்லை. பிறகு யார் கூப்பிடுகிறார்கள்?

“அண்ணா, ஆயில் மோட்டார நிறுத்துங்க.”

லோகு ஓடிப்போய் நிறுத்தினான். எண்ணிக்கை அதே இடத்தில் நின்றுவிட்டது. சுகிர்தா கழியை வாங்கிக் கதிருக்குள் நீட்டினாள். எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. இப்போது பிரஸ்ஸை ஓடவிட்டு, கழியை நீட்டிப் பிடிக்காமல், கை போய்வருகிற வேகத்தில் விசுக்கென்று விட்டு எடுத்தாள். பிரஸ் நிற்கவேயில்லை. டை இறங்கி, தகடு இல்லாத இடத்தில் டங்கென்று அடித்துவிட்டு மேலே போனது.

பரசுராமனின் முகத்தில் ஈயாடவில்லை. சுகிர்தாவுக்கோ விஷயம் புரிந்துவிட்டிருந்தது. மானுவலைத் திறந்து, இதுவரை ஒருநாளும் படிக்காத முன்னுரையைப் படித்தாள். பழைய சிப்பின் மானுவல் வேறு, இந்தப் புதுச் சிப்பின் மானுவல் வேறு. தரைத்தளத்தைச் சேர்த்து மாடி எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், விட்டுவிட்டு எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா, அந்த மாதிரி. புது மானுவல் எழுதியவர்கள் முப்பத்திரண்டை அவர்களே கழித்துவிட்டுத்தான் ஐம்பத்தேழு என்று போட்டிருந்தார்கள். இவள் பழக்க தோஷத்தில் இன்னொரு தரம் கழித்து இருபத்தைந்து என்று எழுதியிருந்தாள். கர்னல் தன் வழக்கப்படி முப்பத்திரண்டைக் கூட்டி ஐம்பத்தேழு என்று காட்ட, மானுவலும் திரையும் ஒத்துப்போக, இவள் திருப்தியாக டிக் அடித்திருக்கிறாள். உண்மையில் அங்கே எண்பத்தொன்பது என்று வந்திருக்க வேண்டும். இருபத்தைந்தாம் வயர் ஆயில் மோட்டாருடையது.

ஆக, ஆயில் மோட்டார் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் கர்னல் சென்சாரைப் போய்ப் பார்த்தது. மோட்டார் ஓடும்வரை குறையே தெரியவில்லை. மோட்டார் நின்றால், அரை நொடிக்கு ஒரு தரம் எதற்கும் எட்டிப் பார்க்கட்டும் என்று அவளே எழுதி வைத்திருந்த மாற்று ஏற்பாடு மட்டும்தான் வேலை செய்தது. நீட்டிப் பிடித்த கழிக்கு அரை நொடி தாராளம். மனிதன் கைக்குப் போதாது.

லேப்டாப்பை மூடிவிட்டு, போர்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த வாரம் அப்டேட் என்ற பெயரில் சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். அந்த நினைப்பு அவளுக்கு வந்தது, வராமல் இருக்குமா? ஒரு மூச்சு நேரம் வந்து போனது. பிறகு லோகுவின் வலது கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன.

“சார், இவரு வயர் எதுவும் போடல. தப்பு என்னோடது,” என்றாள். “நான்தான் நம்பர மாத்தி எழுதிட்டேன்.”

உடனே ஆதிநாராயணனுக்கு போன் போட்டாள். இதே போர்டு இன்னும் ஆறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. “திட்டறது அப்புறம் திட்றேன், மொதல்ல மெஷின எல்லாம் நிறுத்தச் சொல்றேன்,” என்று வைத்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் ஆறு இடத்திலிருந்தும் பதில் வந்தது. எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டார்கள், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சுகிர்தா ஒரு தகடு பண்டலின் மேல் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இயேசப்பா, இயேசப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

திருத்தம் ஒரே ஒரு வரி. இருபத்தைந்தை அழித்து ஐம்பத்தேழு. ஆயில் மோட்டாரை நிறுத்தி வைத்துக்கொண்டு, கழியை விசுக் விசுக்கென்று நூறு தடவை விட்டு எடுத்தார்கள், லோகு வாய்விட்டு எண்ணினான். நூறு தடவையும் டை பாதி வழியில் அப்படியே நின்றது. திரையில் சென்சார் வரியின் எண்ணிக்கை அவன் எண்ணுகிற கணக்கோடு கூடவே ஏறிவந்தது.

பரசுராமன் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் நாலாகக் கிழித்தார். கௌரவக்காரர், மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. “நாளைக்கு காலைல ஷிப்டுக்கு வந்துடு லோகு,” என்றார். அதுவே அவருக்குப் பெரிய விஷயம்.

லோகு தலையாட்டினான். சுகிர்தாவின் பக்கம் திரும்பினான். திட்டப்போகிறான், திட்டட்டும் என்றுதான் அவள் நின்றாள்.

“மேடம், ஒரு ஒதவி. இதையே எங்க ஊட்ல ஒரு வாட்டி சொல்றீங்களா?” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். “இவங்க நம்பாதது கூட எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நாலு நாளா அதுவும் நம்பல. ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு கையோட வெளையாடறியான்னு கேட்டுக்கினே இருக்குது.”

வீட்டு எண்ணைப் போட்டு அவளிடம் கொடுத்தான். அவன் மனைவி கல்பனா எடுத்தாள். சுகிர்தா தான் யாரென்று சொன்னாள். மெஷினில் கோளாறு என்றோ, போர்டில் பிரச்சினை என்றோ பூசி மெழுகவில்லை.

“அக்கா, அவரு சொன்னது அத்தனையும் நெசம். அவரு எதுவும் பண்ணல. தப்பா எழுதினது நான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நாலு நாளா நான் அந்த ஆள்கிட்ட மொகம் குடுத்துப் பேசலம்மா,” என்றாள் கல்பனா. “நாஷ்டா கூட துன்னாம பூட்டாரு. போனு அவராண்ட குடு.”

சுகிர்தா கொடுத்தாள். லோகு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான்.