கார்ட்டூன் முடிஞ்சா கரண்ட் போகும்

இன்னிக்கு சாயங்காலம் பசுந்தாங் பேட்டையில எங்க லாத்தா, அதான் அக்கா, வீட்டுக்குப் போயிருந்தேன். தெரு முழுக்க கரண்ட் இல்லை. இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை.

லாத்தா மகள் ஆயிஷாவுக்கு ஆறு வயசு. டிவியில கார்ட்டூன் பார்த்தாத்தான் படுப்பா. கரண்ட் எப்ப வரும்னு டிவி முன்னாலயே உட்கார்ந்திருந்தா.

மச்சான் என் காதுக்கிட்ட வந்து, "மெயின் ஸ்விட்சை இறக்கி வச்சிட்டேன். இனி கரண்ட் வந்தாலும் நம்ம வீட்டுக்கு வராது. பிள்ளை தூங்கிடும், நாம பந்து மேட்ச் பார்க்கலாம்"னார்.

என்ன ஒரு மூளை!

கொஞ்ச நேரத்துல "மீ லா ப்யீ!"னு தெருவே கத்துச்சு. பர்மிய பாஷையில 'கரண்ட் வந்துடுச்சு'ன்னு அர்த்தம்; கரண்ட் வந்தா இந்த ஊரே போடுற சத்தம். எதிர் மாடியெல்லாம் வெளிச்சம். மச்சான் வீடு மட்டும் இருட்டு.

மச்சான் மீட்டர் பெட்டியில டார்ச் அடிச்சுப் பார்த்து, பெரிய எலக்ட்ரீஷியன் மாதிரி உச்சுக் கொட்டினார். "ப்யூஸ் போச்சும்மா. போய்ப் படு."

"ஸ்விட்சைத் தூக்கி விடுங்க வாப்பா. தினமும் நான் படுத்ததும் தூக்கிட்டுத்தானே பந்து பார்க்குறீங்க?"

தூக்கினார். கார்ட்டூன் ஓடுச்சு. மேட்ச் அடுத்த சேனல்ல மச்சான் இல்லாமலே ஓடுச்சு.

சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறினேன். பாதி வழியிலதான் உறைச்சது. சின்ன வயசுல எங்க வீட்லயும் கார்ட்டூன் முடிஞ்ச மறு நிமிஷமே கரண்ட் போகும். ஒரு நாளும் தவறாது.

வீட்டுக்கு வந்ததும் வாப்பாகிட்ட கேட்டேன்.

"சும்மா இருடா, பந்து ஓடுது"ன்னார்.

என்னை மாதிரி இத்தனை வருஷமா கரண்ட் ஆபீஸைத் திட்டிக்கிட்டு இருந்தவங்க, உங்க வாப்பாவைக் கேட்டுட்டு வந்து எழுதுங்க.