கை லிவரைக் கழற்ற வந்தவர்கள்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். புதுச்சேரி நூறடி ரோட்டில் ஒரு கார் ஸ்டீரியோ கடை வாசலில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் கோபம் வருகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. காலுக்கு இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் வைத்து நடப்பேன். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு தவளக்குப்பத்தில். பல வருஷம் பஸ்ஸில்தான் போய் வந்தேன். ஏறும்போது ஒருவர் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார், இறங்கும்போது இன்னொருவர். எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே நன்றி சொல்வேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினேன். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஸ்டியரிங் பக்கத்தில் கை லிவர் பொருத்திக் கொடுத்தார். கம்பி வழியாக அது பெடலை அழுத்தும்; தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். முறைப்படி ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, பதிவும் செய்தாகிவிட்டது. அந்த லிவர் வந்த பிறகுதான், நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்துக்குப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு சிரமம். ஒரு கை லிவரில், இன்னொரு கை ஸ்டியரிங்கில். போன் வந்தால் எடுக்க மூன்றாவது கை கிடையாது. கையில் எடுக்காமலே போன் பேசுகிற வசதியுள்ள ஸ்டீரியோ ஒன்று போட்டுவிடலாம் என்று மனைவிதான் சொன்னாள். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

காலையில் நானேதான் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் கடை வாசலில் நிறுத்தினேன். கடைக்காரர் ஐம்பது வயது இருக்கும். நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் கேட்டார். “மேடம், சாருக்கு எந்த மாடல் வேணுமாம்?”

நான் அங்கேயேதான் நிற்கிறேன். எனக்கு இது புதிதில்லை. ஓட்டலிலும் இப்படித்தான், “சார் இன்னா சாப்புடுவாரு?” என்று அவளைத்தான் கேட்பார்கள். சிரித்துக்கொண்டே மாடலைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, விலையை மறுபடி அவளிடமே சொன்னார்.

மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும், அமைதியான ஆள். டேஷ்போர்டைப் பிரித்து ஸ்டீரியோவைப் பொருத்தினார். பேசுவதற்கான குட்டி மைக்கை ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி, அதன் ஒயரை ஸ்டியரிங்குக்கு அடியில் இழுத்துக் கட்டினார். இரண்டு மணிக்கு வேலை முடிந்தது.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன். லிவரைத் தள்ளி பிரேக் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். புது ஸ்க்ரீன் பளபளவென்று எரிந்தது, பாட்டு கேட்டது. இஞ்சின் மட்டும் வாயே திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பாட்டு நின்றது, வந்தது. அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனித்தேன். என் வண்டியில் பிரேக் பிடித்தால் ஸ்டார்ட் பட்டனில் பச்சைப் புள்ளி வரும். அது வந்தால்தான் இஞ்சின் எடுக்கும். அன்று ஆரஞ்சு நிறத்திலேயே நின்றது. “பச்சை வரல, பாருங்க” என்றேன்.

“பேட்டரி டவுன் மேடம்” என்றார் கடைக்காரர், ஜன்னல் வழியாக என்னைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற என் மனைவியைப் பார்த்து.

பாட்டு அத்தனை சத்தமாக அலறுகிறது, பேட்டரி டவுனாம்! இருந்தாலும் இன்னொரு பேட்டரியைக் கொண்டுவந்து கேபிள் மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் அவர் கண் என் லிவர் மேல் விழுந்தது.

“இதுதான் மேடம் பிரச்சினை. இந்த மாதிரி கம்பியெல்லாம் பெடல்ல கட்டுனா வண்டி எப்படி எடுக்கும்? பெடலைப் புடிச்சி வச்சிருக்கு.”

“காலையில இதே லிவரை வச்சித்தான் ஓட்டிக்கினு வந்தேன்” என்றேன்.

“அப்ப நல்லா இருந்துருக்கும் சார். இப்ப மாட்டிக்கிச்சி.” அதுவரை அவர் என்னிடம் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். உடனே அவளிடம் திரும்பினார். “சாரைக் கொஞ்சம் எறக்கி உக்கார வைங்க மேடம். பசங்க பாத்துருவாங்க.”

மூட்டையைச் சொல்வதுபோல் சொன்னார். நானே இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் உட்கார்ந்தேன். பக்கத்து டயர் கடையில் இருந்தவர்கள் நான்கைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். “இவரா வண்டி ஓட்டறாரு?” என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. “கவர்மென்ட்டு இதுக்கெல்லாம் எப்படித்தான் லைசென்ஸ் தருதோ” என்றார் இன்னொருவர். பேசாமல் இருந்தே எனக்குப் பழக்கம்.

மெக்கானிக் என் சீட்டில் உட்கார்ந்து காலாலேயே பிரேக்கை மிதித்து மிதித்துப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். நான் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்க்க என்ன இருக்கிறது? அப்போதுதான் உறைத்தது. அவர் மிதிக்கிறார், ஆனால் பின்னால் பிரேக் லைட் எரியவில்லை. இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை, கண்ணாடிக்கு மேலே இருக்கிறதே மூன்றாவது, அதுவும் இல்லை.

கணக்கு வாத்தியார் மூளை வேலை செய்தது. பிரேக் பிடித்திருக்கிறது என்ற சேதியே வண்டிக்குப் போகவில்லை. அதனால்தான் லைட்டும் எரியவில்லை, பச்சையும் வரவில்லை, இஞ்சினும் எடுக்கவில்லை. லிவருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயர் இழுத்தபோது எதையோ தட்டிவிட்டிருக்கிறார்கள்.

“பிரேக் லைட் எரியல பாருங்க. பெடலுக்கு மேல எதுனா பிளக் கழண்டிருக்கான்னு பாருங்க” என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். “பல்பு போயிருக்கும் சார்.”

“மூணு பல்பும் ஒரே நாள்லயா போச்சி?”

டயர் கடைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. வண்டிக்குள் இருந்த மெக்கானிக்குக்குக் குரல் கொடுத்தார். “அந்தக் கம்பியக் கழட்டுப்பா. கழட்டுனாத்தான் தெரியும்.”

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார். முதல் போல்ட் திரும்புகிற சத்தம் கேட்டது.

அந்த லிவரைக் கழற்றினால் மறுபடி பொருத்த இங்கே ஆள் இல்லை. வெளியூர்க்காரர் வரவேண்டும், அளவு பார்க்கவேண்டும், அதற்கு எத்தனை வாரம் ஆகுமோ. திங்கட்கிழமை பள்ளியில் பரீட்சை ஆரம்பம். மறுபடி பஸ், மறுபடி அக்குளில் கை. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் நினைத்தேனா என்றால், இல்லை. யாரோ என் காலில் கை வைத்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

எழுந்து நின்று ஊன்றுகோலால் டிக்கி மேல் ஓங்கி அடித்தேன். “ஸ்பேனரைக் கீழ போடு!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரோட்டில் போன ஸ்கூட்டர் ஒன்று நின்றது. “யாரைக் கேட்டு அதுல கை வச்ச? அது கம்பி இல்ல, என் காலு! உன் காலைக் கழட்டிப் பாக்கச் சொன்னா கழட்டுவியா?”

கடைக்காரர் வழக்கம்போல் அவளிடம் திரும்பினார். “மேடம், சாரைக் கொஞ்சம் அமைதியா...”

“வண்டி அவருது. அவர்கிட்ட பேசுங்க” என்றாள் அவள். சொல்லிவிட்டு நேராகப் போய் மெக்கானிக்கை இறங்கச் சொன்னாள். புடவையைச் செருகிக்கொண்டு, வண்டியின் தரையில் தலையை நீட்டிப் படுத்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

“பெடலுக்கு மேல ஒரு வெள்ளை பிளக் தொங்குதுங்க. பக்கத்துலயே அதுக்கு எடம் காலியா இருக்கு.”

“மாட்டு” என்றேன்.

டக்கென்று ஒரு சின்னச் சத்தம். பெடலைக் கையாலேயே அழுத்தினாள். மூன்று லைட்டும் சிவப்பாக எரிந்தன. அப்படியே கையை நீட்டிப் பட்டனை அழுத்தினாள். இஞ்சின் உறுமி எடுத்தது.

வேடிக்கை பார்த்தவர்கள் கலைய ஆரம்பித்தார்கள். லைசென்ஸ் பற்றிக் கேட்டவர் என்னைப் பார்க்காமல் டயர் கடைக்குள் போய்விட்டார்.

கடைக்காரர் மட்டும் சளைக்கவில்லை. “பாத்தீங்களா மேடம், சின்ன விஷயம்தான். நம்ம பசங்களே கண்டுபுடிச்சிருப்பாங்க.”

“என்கிட்ட சொல்லுங்க” என்றேன். “தப்பு உங்க கடையில நடந்தது. பழியை என் லிவர் மேல போட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கணும் நீங்க.”

என்னை ஒரு முறை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அடிக்காத போனுக்கு ஹலோ சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசிவரை வெளியே வரவில்லை.

மெக்கானிக்கை நான் விடவில்லை. தளர்த்திய போல்ட்டை என் கண் முன்னாலேயே இறுக்க வைத்தேன். லிவரைப் பத்து முறை தள்ளி இழுத்துக் காட்டச் சொன்னேன். குனிந்த தலையோடு அவர் சொன்னார். “ஒயர் இழுக்கும்போது எதுலயோ பட்டுச்சி சார். அப்பவே சந்தேகம்தான். ஓனர் அந்த மாதிரி சொன்னதும் நான் வாயத் தொறக்கல. தப்புதான்.” அதைக் கேட்டதும் கோபம் அடங்கும் என்று நினைத்தேன். இரண்டு மடங்கானது. தெரிந்துகொண்டேதான் ஸ்பேனரை எடுத்திருக்கிறார்!

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அரியாங்குப்பம் பாலம் தாண்டினோம். அப்புறம் அவள்தான் சொன்னாள். “இத்தனை வருஷத்துல நீங்க இப்படிக் கத்தி நான் பாத்ததே இல்ல.”

“நானும் பாத்ததில்ல” என்றேன்.

அடுத்தவர் கை நமக்குத் தேவைப்படுகிறது என்பதற்காக, அவர்கள் எது செய்தாலும் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து நம்பியே வளர்ந்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டார். ஆனால் உதவி வாங்குகிறவனுக்கும் கோபப்பட உரிமை உண்டு என்பதை நாற்பத்தைந்து வயதில், நடுரோட்டில் நின்று கத்தித்தான் நான் தெரிந்துகொண்டேன்; அப்படிக் கத்தியதற்காக ஒரு நாளும் நான் வெட்கப்பட்டதில்லை.