வெரோனிகாவின் பாதங்கள்

வெரோனிகாவும் அவள் அக்கா பிரிஸ்கில்லாவும் பிறந்து வளர்ந்தது குருசுக்குப்பத்தில். அப்போது கடற்கரையில் மணல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் அலைவரைக்கும் ஓடுவார்கள். மணல் சுட்டால் தங்கை அக்காவின் பாதங்களின்மேல் ஏறி நின்றுகொள்வாள். பிறகு கடல் மணலைத் தின்றது, கருங்கல் கொட்டினார்கள். பிரிஸ்கில்லா கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள். வெரோனிகா தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றாள். கணவர் இறந்தபின் ரெட்டியார்பாளையத்து வீட்டில் தனியாக இருந்தாள்.

அவளுக்கு வெகுநாளாகச் சர்க்கரை. முதலில் பாதங்கள் எரிந்தன. போர்வை பட்டால்கூடப் பொறுக்காது. பிறகு எரிச்சல் தானாக அடங்கியது. குணமாகிவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மணல் திரும்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஊருக்கு வந்திருந்த பிரிஸ்கில்லா ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு தங்கையைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். கொஞ்ச தூரத்திலேயே பிரிஸ்கில்லா துள்ளினாள்.

"நெருப்பா சுடுதுடி. செருப்ப மாட்டிக்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே. குளுருலயே இருந்து ஒன் காலு கெட்டுப்போச்சுக்கா."

வெரோனிகா சிரித்துக்கொண்டே அலைவரைக்கும் போய், நிதானமாக நடந்து திரும்பினாள்.

வீட்டுத் தரையில் ஈரத்தடம் பார்த்த பிரிஸ்கில்லா தங்கையின் காலைத் தூக்கினாள். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளங்கள். ஒன்று உடைந்திருந்தது.

"வலிக்கலியாடி?"

"இல்லக்கா." அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார். தொடும்போது அவள் சொல்ல வேண்டும். வெரோனிகா காத்திருந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?" என்று கேட்டாள்.

பிரிஸ்கில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகளைச் சர்க்கரை கெடுத்துவிட்டது, எரிச்சல் நின்றதும் அதனால்தான் என்று டாக்டர் விளக்கினார். "போன உணர்ச்சி திரும்புறது கஷ்டம்மா. ஆனா கால காப்பாத்தலாம். சர்க்கரைய கட்டுல வைங்க. வெறுங்கால்ல நடக்காதீங்க. தினமும் பாதத்த பாருங்க."

பிரிஸ்கில்லா பயணத்தைத் தள்ளிப்போட்டாள். தங்கையின் காலில் போட்டிருந்த கட்டுத்துணியை அவளே பிரித்து, மருந்து வைத்துக் கட்டினாள். மணல் ஒட்டிய காலோடு வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் அடி வாங்கியதை அப்போது பேசிச் சிரித்தார்கள். புண் ஆறிய பிறகுதான் அவள் விமானம் ஏறினாள்.

இப்போதெல்லாம் மாலையில் வீடியோ கால் வரும். எடுத்ததும், "கால காட்டுடி" என்பாள் அக்கா.

குனிந்து பார்க்க வெரோனிகாவுக்கு இடுப்பு வளையாது. போனை உள்ளங்காலுக்கு நேரே பிடிப்பாள்.

"வெரலிடுக்கு?"

காட்டுவாள்.

"சரி. சாப்ட்டியா?"

அப்புறம் பேச்சு குருசுக்குப்பத்துக்குப் போய்விடும். இருட்டிய பிறகுதான் வெரோனிகா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய் விளக்கைப் போடுவாள்.