மூணாவது கவி

ஈவ்லினுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. குரோம்பேட்டையில் அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் நாற்காலி உண்டு, அதில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். "ஸ்கிரீன்ல தெரியுறதெல்லாம் பேப்பர்ல வந்துடாதுப்பா, பிரிவ்யூ பாத்துட்டு பிரிண்ட் குடு" என்று காலேஜ் பிள்ளைகளைத் தினமும் விரட்டுகிறவள். அன்றைக்கு அவளே பார்க்கவில்லை. எங்கே பார்ப்பாள்? அண்ணன் ஆபேல் செம்பாக்கம் வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறார். மூன்று மணிக்கு சர்ச்சில் அடக்க ஆராதனை.

ஆராதனைத் தாளை ஒரு வெப்சைட்டில் அழகாகப் போட்டிருந்தாள். மேலே அண்ணன் போட்டோ, கீழே கட்டம் கட்டி அவருக்குப் பிடித்த பாட்டு. பிரிண்ட் எடுத்தால், நாலு கவி (சர்ச் பாஷையில் சரணம்) உள்ள பாட்டு இரண்டாவது கவியோடு நின்றுவிட்டது.

ஆபேலுக்கு ஆயுசெல்லாம் ஒரே சண்டை. நேரமாகிறது என்று பாஸ்டர் "ஒன்று, இரண்டு, கடைசிக் கவி" என்றால் போதும், மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மூணாவது கவி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று வாசலிலேயே கேட்டுவிடுவார். அவர் அடக்கத்திலும் அதை விடுவதா?

பேப்பரை மாற்றினாள். அளவைச் சுருக்கினாள். பிரிண்டரைத் திட்டி, அணைத்துப் போட்டாள். ஊஹூம், அதே இரண்டு கவி.

"லிங்க்கை வாட்ஸ்அப்ல போட்டுடு ஈவி, போன்ல முழுசா தெரியுது" என்றார் புருஷன் வில்பிரட். "பாஸ்டர் எப்படியும் மூணாவதை விட்டுடத்தான் போறார்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தாள். விரல் தன்பாட்டுக்கு மவுஸ் சக்கரத்தை உருட்ட, கட்டத்துக்குள் பாட்டு மேலே ஏறியது. அடிப்பாவி! கட்டத்துக்கு உயரம் வைத்தது அவளேதான். இங்கே உருட்டினால் மிச்சம் வரும், காகிதத்தில் யார் உருட்டுவது? உயரத்தை எடுத்துவிட்டாள். நாலு கவியும் தாளில் இறங்கின. சூடு ஆறுமுன் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

சர்ச்சில் பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கல்லறைக்கு நேரமாச்சு. ஒன்று, இரண்டு, கடைசிக் கவி பாடுவோம்."

இரண்டாவது முடிந்ததும் ஈவ்லின் தனியாக மூணாவதை எடுத்தாள். குரல் பிசிறியது. பின்வரிசைக்காரர்கள் தாளைப் பார்த்தார்கள், கவி இருந்தது, சேர்ந்துகொண்டார்கள். ஆர்கனும் வந்துவிட்டது. பாஸ்டரும் பாடினார்.

சர்ச்சே பாடும்போது ஆரம்பித்தவளுக்குத்தான் அடுத்த வரி வரவில்லை. தாளை முகத்தில் பொத்திக்கொண்டு, "பாடுறாங்கண்ணா" என்று அழுதாள்.