ஜப்பான் என்று நான் அடித்த முத்திரை

சாவுத் தகவல் வந்தபோது நான் சேரப்பணஞ்சேரி டீக்கடையில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் எந்தக் கதை? என் கூட்டாளி ஏகாம்பரம் செய்த முடி வெட்டும் மிஷின்களை ஜப்பான் சாமான் என்று நான் விற்ற கதை. சுங்க அதிகாரிகளை நான் இங்கிலீஷில் மடக்குகிற கட்டம். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஏகாம்பரத்தின் தம்பி என் தோளைத் தொட்டு, "அண்ணன் பூட்டாருண்ணே" என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

பட்டறைக்காரர் சங்கத்தில் உங்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். இருபது வருடமாக நான்தான் சொல்லி வருகிறேன். உண்மையில் நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் என்பதால் எழுத வரும். சரி, ஆறாவது.

அறுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரில் டிரங்க் ரோட்டை ஒட்டி ஏகாம்பரத்தின் பட்டறை. கையால் அழுத்தி முடி வெட்டும் மிஷின் செய்வான். அவன் மிஷின் முடியைப் பிடித்து இழுக்காது. மதராஸில் மந்திரிகளுக்கே அதில்தான் கிராப்பு வெட்டினார்கள் என்று நான் சொல்வதுண்டு. ஒரு மந்திரியின் டிரைவருக்கு வெட்டியது நிச்சயம். செய்வது அவன், சலூன் சலூனாகப் போய் விற்பது நான்.

அந்த நாளில் வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைத்தாலும் வரி கழுத்தை நெரிக்கும். அதனால் சிங்கப்பூர்ப் பெட்டியில் ஒளிந்து வந்த எதற்கும் சாமிக்குள்ள மரியாதை. சர்க்கார் கதவைச் சாத்தி வைத்திருப்பதால்தான் நமக்குப் பிழைப்பு என்று நான் வாதாடுவேன். ஏகாம்பரம் அரத்தை நிறுத்தாமலே சொல்வான்: "தாராளமா வுடட்டும்டா. ரெண்டையும் பக்கத்துல வெச்சு வெட்டிப் பாக்கட்டும். அப்பத்தான் நம்முளுது இன்னான்னு தெரியும்."

தன் பெயரைப் பொறிக்க அவனே எஃகில் ஒரு பஞ்ச் வெட்டி வைத்திருந்தான். 'ஏகாம்பரம்' என்று தமிழில், முத்து முத்தாக. அதை அடித்தால் பாதி விலைக்குக் கேட்பார்கள் என்று சொல்லி, இங்கிலீஷ் எழுத்தில் 'ஜப்பான்' என்று ஒரு பஞ்ச் வாங்கி வந்தேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எதுவும் பொறிக்காத மிஷின்களை என் முன்னால் வைத்தான். "நீயே அட்ச்சிக்கோ. என் கை வராது."

நான் அடித்தேன். சாமான் பறந்தது. ஜப்பான்காரனே அசந்துபோவான் என்று ஊரெல்லாம் பேசினேன். அந்தப் பேச்சுதான் போகக்கூடாத காதுக்கும் போனது.

சுங்க அதிகாரிகள் நாலு ஜீப்பில் வந்தார்கள் என்று நான் சொல்வேன். வந்தது ஒரு ஜீப். கடத்தல் சாமான் எந்த வழியாக வந்தது என்று கேட்டார்கள். தானே செய்தது என்று ஏகாம்பரம் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. இவ்வளவு சுத்தமான வேலை இந்த ஊரில் நடக்காது என்றார் பெரிய அதிகாரி. ஏகாம்பரம் உட்கார்ந்து அவர் கண்ணெதிரே ஒரு பிளேடுக்குப் பல் வெட்டினான். மதியம் ஆகிவிட்டது. அதை மிஷினில் மாட்டி ஜீப் டிரைவரின் பிடரியில் ஓட்டிக் காட்டினான். டிரைவர் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"இவ்ளோ நல்லா செய்யறவன், ஏன்யா ஜப்பான்னு போட்டே?"

வாசலில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவனுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவன் போல நான். ஏகாம்பரம் ஒரு தடவை என் பக்கம் பார்த்தான். அப்புறம், "நான்தான் போட்டேன் சார்" என்றான்.

கடத்தல் வழக்கு இல்லை. பொய் முத்திரைக்காகச் சாமானையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். கணக்கில் காட்டாமல் செய்த சரக்கு என்று உள்நாட்டு வரி ஆபீசும் வந்து நின்றது. பட்டறை மூடிப்போனது. ஏகாம்பரம் மதராஸில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து, கடைசி வரை அடுத்தவன் பெயர் போட்ட சாமானைச் செய்தான். நான் டீக்கடையில் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தேன்.

அவன் என்னைத் திட்டியதில்லை. ஒரே ஒரு தடவை, அவன் தம்பி கல்யாணத்தில், பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிடும்போது சொன்னான்: "அன்னிக்கு நீ எதுனா பேசுவேன்னு பாத்தேன்டா. எப்பவும் பேசறவனாச்சே." சொல்லிவிட்டு என் இலைக்கு அப்பளம் போடச் சொன்னான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவன் மனைவி சரோஜா அவன் பெயர் வெட்டிய அந்தப் பழைய பஞ்ச்சை எடுத்து வந்தது. "வூட்ல சும்மா கெடக்குதுண்ணே, நீங்களே வெச்சிக்குங்க" என்றது. நான் அடித்த மிஷின்களில் ஒன்று என் பெட்டியில் மிச்சம் இருந்தது. ஒரு பிடியில் 'ஜப்பான்'. அதை அராவி எடுத்தேன். அடுத்த பிடியில் அவன் பெயரை வைத்துச் சுத்தியால் அடித்தேன். பெயர் கொஞ்சம் சாய்ந்து விழுந்துவிட்டது.

மறுநாள் சலூன்காரப் பையனிடம் கொடுத்தேன். வெட்டிப் பார்த்துவிட்டு, சூப்பரா இருக்கே, எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டான். ஸ்ரீபெரும்புதூர் ஏகாம்பரம் செய்தது என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.