கசியாத குட்டைகள்

ஐந்து அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியும் ஏரி ஏன் ஏறவில்லை? அந்த அக்டோபரில் சான் தியோதோரோவில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. காபிக்கடையில் கேட்டார்கள், தீவனக் கடையில் கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று கேட்டார்கள். என்னையும் இரண்டு பேர் கேட்டார்கள். மேகம், ஆறு, அணை என்று படம் வரைந்து அம்புக்குறி போட்டுப் பரீட்சை எழுதியவன்தான் நான். ஆனாலும் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பதிலைக் கண்டுபிடித்தவர் எலிசியோ ட்ரெவினோ. அவர் அதைக் கண்டுபிடித்த நாளில்தான் அவருடைய மிதவை உடைந்தது.

எலிசியோவுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. முப்பத்தைந்து வருடம் புல்டோசர் ஓட்டியவர். தெற்கு டெக்சஸில் எங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நிலத்திலேயே ஒரு குட்டை வேண்டும். ஓடை போகிற தாழ்வில் குறுக்கே மண்கரை போட்டால், பெய்கிற மழை அங்கேயே நிற்கும், மாடு குடிக்கும். இந்தக் கரை போடுகிற வேலையில் எலிசியோவை மிஞ்ச ஆள் கிடையாது. நல்ல களிமண்ணாகத் தேடி எடுப்பார். ஒரு சாண் பரப்பி, உருளையை ஏற்றி இறுக்கி, அதன் மேல் அடுத்த சாண் பரப்புவார். அவசரப்படுத்துகிறவர்களிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். எலிசியோ போட்ட கரை கசியாது என்று மூன்று மாவட்டத்தில் பெயர். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் தொப்பியைக் கொஞ்சம் சரி செய்துகொள்வார்.

முதுகு பழுதானதும் புல்டோசரை விற்றுவிட்டு, மனைவி ஓரலியாவோடு சேர்ந்து ஏரியில் ஒரு மிதவைக் கொட்டகை கட்டினார். நீல நிறப் பீப்பாய்களின் மேல் பலகைத் தளம், நான்கு பக்கமும் தகரச் சுவர், மேலே கூரை. தளத்தின் நடுவில், கீழே ஏரித் தண்ணீர் தெரிய, நீளவாக்கில் திறந்த பள்ளம். அதைச் சுற்றிப் பழைய சோபாக்கள். வெயிலோ குளிரோ, வயதானவர்கள் உள்ளே உட்கார்ந்தபடி அந்தப் பள்ளத்தில் தூண்டில் விட்டுக் கெளுத்தி பிடிப்பார்கள். ஓரலியா காலை ஐந்தரைக்கே அடுப்பு மூட்டி, முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய டார்ட்டியா ரொட்டி விற்பாள். பதினாறு வருடமாக இருவருக்கும் சோறு போட்டது அந்த மிதவைதான்.

வறட்சி மூன்றாவது வருடத்துக்குள் நுழைந்திருந்தது. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, எலிசியோ மிதவையை உள்ளே தள்ளிக்கொண்டே போனார். ஏரி அலுவலகத்தின் விதி கறாரானது. மிதவை என்றால் மிதக்க வேண்டும், தரையில் உட்கார்ந்தால் அனுமதி ரத்து. கரையிலிருந்து மிதவைக்குப் போகும் பலகைப் பாதை, காய்ந்த சேற்றின் மேல் இருநூறு கஜம் நீண்டுவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற க்ளீட்டஸ் தினமும் வருகிறவர், ஊன்றுகோல் வைத்து நடப்பவர். ஒருநாள் கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு காபி குடிக்கிற நேரம் மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அவரைப்போலவே மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். குளிர்காலம்தான் கெளுத்திக் காலம். அதற்குள் மிதவையைக் கரையோரம் கொண்டுவராவிட்டால் மூடிவிட வேண்டியதுதான் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் மழை வந்தது. ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் மதியம் வரை நிற்காமல் பெய்தது.

எங்கள் ஊரில் வேலிக்கம்பத்தில் மழைமானி மாட்டாத வீடு இல்லை. மழை விட்டதும் காபிகூடக் குடிக்காமல் போய் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பார்கள். அளவை நாள்காட்டியில் எழுதுவார்கள். அப்புறம் ஆளுக்கு ஆள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். பிடித்த மீனின் நீளத்தைக் கூட்டிச் சொன்னால் சிரிப்பார்கள். மழை அளவைக் கூட்டிச் சொன்னவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள். எலிசியோவின் குழாயில் ஐந்தே கால். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மாட்டுத்தலை ஓடையின் மேல்பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் வில்பர்ன் ஸ்டாக்ஸ் கூப்பிட்டு ஆறே கால் என்றார்.

அதோடு எல்லோரும் ஒரு கணக்குப் போட்டோம். ஓடையில் ஓர் அங்குலம் பெய்தால் ஏரியில் ஓர் அடி ஏறும். எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து வரும் கணக்கு. அந்தக் கணக்கு நல்ல மழைக் காலத்தில், ஈரம் காயாத மண்ணில் போட்டது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எலிசியோவும் நினைக்கவில்லை. ஏரி ஐந்தடி ஏறும் என்று அவர் மனது சொல்லிவிட்டது.

அவருக்கு ஒரு பழைய பயமும் இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி மழையில் ஒரே நாளில் ஏரி ஏறியபோது, மிதவையைக் கட்டியிருந்த கம்பிவடம் இழுத்துப் பிடித்ததில் மிதவையின் ஒரு மூலை முழுகிப் பலகைப் பாதை பிய்ந்து போயிற்று. அன்றிலிருந்து தண்ணீர் வருவதற்கு முன்பே வடத்தைத் தளர்த்தி மிதவையைக் கரைப்பக்கம் இழுத்துவிடுவது அவர் வழக்கம்.

மழை விட்ட அன்று மாலை ஏரி முக்கால் அடி ஏறியிருந்தது. பக்கத்து மேட்டிலிருந்து இறங்கிய செந்தண்ணீரும், ஏரி மேலேயே விழுந்த மழையும்தான் அது. கரைக்கும் மிதவைக்கும் நடுவில், அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே இருந்த பண்ணையின் கல்வேலி ஒன்று நீருக்கடியில் கிடந்தது. அதைத் தாண்டித்தான் மிதவை வர வேண்டும். முக்கால் அடி ஏறியதில் வேலிக்கு மேல் மிதவை உரசாமல் தாண்டுகிற அளவுக்கு மட்டும் இடம் இருந்தது.

ஓரலியா கரையில் கை கட்டி நின்றாள்.

"கிழவா, தண்ணி வரட்டும். வந்தப்புறம் இழுக்கலாம்."

"வந்தப்புறம் எங்க இழுக்கறது? அன்னிக்கு மூலை முழுகினது மறந்துபோச்சா?"

"மறக்கல. வேலி அடியில கிடக்கறதும் மறக்கல."

"நாளைக்கு அந்த வேலிக்கு மேல அஞ்சடி தண்ணி நிக்கும், பாரு."

வண்டியில் வடத்தைக் கட்டி இழுத்தார். மிதவை மெதுவாக வந்தது. மிதவையில் பாதி வேலியைத் தாண்டியதும் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இருட்டவும் ஆரம்பித்தது. மீதியை ஏறுகிற தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே கட்டிவிட்டார். மிதவையின் நடுவயிற்றுக்கு நேர் கீழே கல்வேலி இருந்தது.

மறுநாள் ஏரி ஏறவில்லை. மூன்றாம் நாள், அவர் அடையாளத்துக்கு நட்ட குச்சியில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. வறண்ட வடகாற்று வேறு வீசியது. நான்காம் நாள் இரண்டு விரல். அணைக்குக் கீழே இருக்கிற வெங்காய வயல்காரர்களுக்கு அந்த வாரம் முறைத் தண்ணீர் என்று மதகைத் திறந்துவிட்டார்கள். எலிசியோ அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். முறையை மாற்ற முடியாது ஐயா என்றாள்.

அன்றைக்கே மிதவையைப் பின்னால் தள்ளிவிடச் சொன்னாள் ஓரலியா. இன்னும் இடம் இருக்கிறது, நான்கு பேரைக் கூப்பிட்டால் முடிந்துவிடும் என்றாள். எலிசியோ கேட்கவில்லை. மேல்பக்கத்துத் தண்ணீர் வந்து சேர நாளாகும் என்றார். ஆறே கால் அங்குலம் எங்கே போய்விடும் என்றார்.

ஐந்தாம் நாள் காலை, வருகிற தண்ணீரைப் பார்க்க அவர் மாட்டுத்தலை ஓடையோரமாகவே வண்டியை மேலே விட்டார். முதல் பாலத்தில் இறங்கிப் பார்த்தார். ஓடையில் கல்தான் இருந்தது. கல்லுக்கு இடையில் கொஞ்சம் ஈரம், ஒரு நாயின் கால்தடம். இரண்டாவது பாலத்திலும் அப்படித்தான். சீமைக்கருவேல மரங்கள் மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளவென்று நின்றன. வெடிப்பு விட்ட ஒரு மேட்டில் கடப்பாரையை இறக்கினார். முழங்கை ஆழம் வரை மண் பிசுபிசுத்தது. அதற்குக் கீழே வெறும் தூசி. மூன்று வருடம் காய்ந்த மண், விழுந்ததையெல்லாம் அங்கேயே உறிஞ்சிவிட்டிருந்தது.

இன்னும் மேலே போனார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை மின்னியது. அவர் வெட்டியது. முக்கால் நிறைந்திருந்தது. அடுத்த பண்ணையில் இன்னொன்று. அதற்கடுத்து இரண்டு. ஒவ்வொன்றையும் எந்த வருடம் வெட்டினார், களிமண்ணை எங்கிருந்து எடுத்தார் என்று அவருக்குத் தெரியும். மொட்டை வெயிலில் ஒவ்வொரு கரையின் பின்பக்கமும் இறங்கிக் கையால் தடவிப் பார்த்தார். எங்காவது ஒரு ஈரக்கசிவு இருக்காதா என்று தேடினார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கரை கசிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். மண் சுட்டது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஏழாவது குட்டைதான் எல்லாவற்றிலும் பெரியது. வில்பர்ன் ஸ்டாக்ஸின் குட்டை. கரை மேல் வில்பர்ன் உட்கார்ந்து தன் மாடுகள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடையில் பாதி மாட்டை விற்றவர். மிச்சத்தையும் அடுத்த மாதம் ஏற்றி அனுப்ப லாரிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"வாய்யா எலிசியோ. லாரிக்காரனை வர வேணாம்னு சொல்லிட்டேன். உன் கரை ஒரு பொட்டுக்கூட விடல. நீ செத்தா உனக்கு இங்கதான் சிலை வைக்கணும்."

"காக்கா எச்சம் போடறதுக்கா?"

வில்பர்ன் சிரித்தார். எலிசியோ சிரிக்கவில்லை. தண்ணீர் வழிந்து வெளியேறும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தொட இன்னும் இரண்டு கை உயரம் இருந்தது. இன்னும் ஓர் அங்குலம் பெய்திருந்தால் வழிந்திருக்கும்.

அதைப் பார்த்தபடியே கேட்டார். "கரையில ஒரு முழம் வெட்டி விட்டா என்ன, வில்பர்ன்?"

வில்பர்ன் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது.

"மிதவைக்கா?"

"ம்."

"வெட்டணும்னா வெட்டிக்க. நீ போட்ட கரை, நான் தடுக்க மாட்டேன். ஆனா நீயே சொல்லு. இங்கேருந்து ஏரிக்கு இருபது மைல். இந்தத் தண்ணி முதல் பாலத்தையாவது தாண்டுமா?"

கடப்பாரையில் ஒட்டியிருந்த தூசி எலிசியோவுக்குப் பதில் சொல்லிவிட்டது. ஒரு கன்றுக்குட்டி முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்று குடித்தது. அது குடித்து முடித்துக் கரையேறும் வரை நின்றுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அவர் ஏரிக்கு வந்தபோது ஓரலியா கரையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். மதகு திறந்ததில் ஏரி இன்னும் இறங்கி, மிதவை கல்வேலி மேல் உட்கார்ந்துவிட்டிருந்தது. நடுவில் மேடாகவும் இரண்டு முனையிலும் தாழ்ந்தும், முதுகெலும்பு முறிந்த மாடு மாதிரிக் கிடந்தது. கூரைத் தகரம் இரண்டாகப் பிளந்து வானம் தெரிந்தது. மதியம் ஒரு சத்தம் கேட்டதாக அவள் சொன்னாள். துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்ததாம். உள்ளே இருந்த அடுப்பைக்கூட எடுக்க முடியவில்லையாம்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தண்ணி எங்க இருக்குன்னு பார்த்துட்டேன், கிழவி."

"எங்க?"

"பாதியை மண்ணு குடிச்சிருச்சு. மீதி நான் வெட்டின குழியிலெல்லாம் இருக்கு. ஒண்ணுகூடக் கசியல."

அவள் அவரைத் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அவருடைய தொப்பியைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த கருவேல முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பத் தலையில் வைத்தாள்.

இரண்டு வாரத்தில் அனுமதி ரத்து என்று ஏரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மிதவையைப் பிரித்தார்கள். க்ளீட்டஸ் வந்து தான் உட்கார்ந்த சோபாவை எடுத்துக்கொண்டு போனார். நீலப் பீப்பாய்களை வில்பர்ன் தீவனம் போட்டு வைக்க வாங்கிக்கொண்டார். ஓரலியா அறுபத்தாறாவது வயதில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நின்றே செய்கிற வேலை. சாயங்காலம் அவள் கால் வீங்கி வரும்போது எலிசியோ வெந்நீர் வைத்துக் கொடுப்பார். அவரைக் குட்டை வெட்டிக் கொடுக்கச் சொல்லி இன்னும் ஆட்கள் கூப்பிடுகிறார்கள். முதுகு முடியவில்லை என்று சொல்லிவிடுகிறார். முதுகு முன்பைவிடத் தேவலை என்று ஓரலியா என்னிடம் சொன்னாள்.

மழை பெய்தால் இன்றும் மழைமானியைப் பார்க்கிறார். குழாயைக் கவிழ்த்துத் தண்ணீரை வேலியோர மண்ணில் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று குனிந்து பார்க்கிறார். நாள்காட்டியில் எதுவும் எழுதுவதில்லை.

இதை நான் எழுதுகிற வாரமும் எங்களுக்கு மூன்று அங்குலம் மழை. ஏரி இரண்டு விரல் ஏறி நின்றுவிட்டது. காபிக்கடையில் மறுபடி அதே கேள்வி. அணைக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்கிறார் ஒருவர், மழைமானி பொய் சொல்கிறது என்கிறார் இன்னொருவர். உங்கள் ஊரிலும் மழை விட்ட மறுநாள் ஏரிக்கரையில் நின்று யாராவது இப்படிக் கேட்டால், எலிசியோவின் மிதவை எப்படி உடைந்தது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.