பிணைச்சல் கேட்கும் ஆரபி

மடிக்கிற போனைக் காதோரம் பிடித்து, நடுவில் மடிகிற பிணைச்சல் அசைய இரண்டு தரம் திறந்து மூடினாளென்றால், அது எந்தக் கடற்கரையில் விழுந்ததென்று ஆரபி ஊர்ப்பெயரோடு சொல்லிவிடுவாள். சரி, ஊர்ப்பெயர் கொஞ்சம் கூடிப்போயிற்று. மணலா, உப்பா, சீனி போட்ட தேத்தண்ணியா என்பது வரைக்கும் சொல்லுவாள். அதுவும் பத்துத் தரத்தில் எட்டுத் தரம் சரியாயிருக்கும். மிச்ச இரண்டு தரமும் "பிணைச்சல் பொய் சொல்லுது" என்று போனின் தலையில் பழியைப் போட்டுவிடுவாள்.

கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அளவெட்டியில் தவில்காரர் வீட்டில் பிறந்து, சாவகச்சேரிக்குக் கலியாணம் கட்டி வந்தவள், வயது முப்பத்திரண்டு. மகளுக்கு இராகத்தின் பெயரை வைத்த தகப்பன், இவள் பாடுவாளென்று நினைத்திருப்பார். பாடச் சொன்னால் பக்கத்துக் கடை வாசலில் படுத்திருக்கும் நாய் எழும்பிப் போகும். காது மட்டும் தகப்பனுடையது. கை, கொழும்பில் ஒன்பது மாதம் குனிந்திருந்து போன் திருத்தப் படித்தது.

அவளுடைய கடை சந்தைக்கு எதிரே, ஏ-ஒன்பது வீதியோரம் இருக்கிறது. எட்டடிக்கு ஆறடி. யாழ்ப்பாணம் போகிற பேருந்து ஒரு கைப்பிடி புழுதியைப் போட்டுவிட்டுப் போகும். திரும்பி வருகிற பேருந்து மறந்துபோனதையும் கொண்டுவந்து கொட்டும். சாதாரண போனுக்கு அதனால் பெரிய கேடில்லை. மடிக்கிற போனைக் கழற்றி வைத்திருக்கிற நேரத்தில் ஒரு துணிக்கை உள்ளே போனால் போதும், மடிக்கும்போது அது ஊசியாகி உள்திரையைக் குத்திவிடும். அதனால் திறப்பதற்கு முன் அவளிடம் ஒரு கிரியை உண்டு. வாசலுக்கு இரண்டு வாளி தண்ணீர். பிறகு, பூக்கடையில் பூவுக்குத் தண்ணீர் அடிக்கிற போத்தலை எடுத்து, கலியாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோல் வெறுங்காற்றுக்கு நாலு தெளிப்பு. அதற்குப் பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தலைமயிரைத் துணியால் கட்டுவாள். அப்போது உள்ளே இருக்கிறவர்கள் மூச்சையும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் விடவேண்டும்.

"தும்மல் வந்தா வெளியிலை போய்த் தும்முங்கோ. உள்ளை தும்மினா டிஸ்பிளேக்கு நீங்கள்தான் பொறுப்பு."

இந்தப் போன்களை ஊர் முதலில் கண்டது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கையில்தான். அப்போது ஒரு கம்பனியின் பெயர்தான் அடிபட்டது. பிறகு சீனத்துக் கம்பனிகள் நாலைந்து பாதி விலைக்கு இறங்கின. இப்போது ஒருவன் மெலிவென்கிறான், ஒருவன் மூன்றாய் மடியும் என்கிறான், இன்னொருவன் மடித்த தழும்பே தெரியாது என்று சத்தியம் பண்ணுகிறான். ஆரபிக்கு இதில் தீராத மனக்குறை. "எல்லாரும் மெலியிறதுக்குத்தான் போட்டி போடுறாங்கள். கடைசியிலை கச்சான் காத்துக்குப் பறக்கப்போகுது. பிணைச்சலுக்கு ஆரும் போட்டி போடுறாங்களே?" வருடத்துக்கு ஒரு பிணைச்சல் வருகிறது, போன வருடத்துச் சாமான் இந்த வருடத்துப் போனுக்குள் ஏறாது. உள்திரை ஒன்று வேண்டுமென்று கொழும்புக்குச் சொன்னால், கொழும்பு சிங்கப்பூருக்குச் சொல்லும். திரை வந்து சேரும்போது போன்காரர் விமானமேறிப் போயிருப்பார்.

வீதிக்கு மற்றப் பக்கம் றஜிந்தனின் கடை. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, உள்ளே கால்வைத்தவுடன் முகத்தில் அடிக்கும் வாசனை. புதுப் போன் விற்பதுதான் அவருக்கு முதல் தொழில், திருத்துவது இரண்டாவது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு மடிக்கிற போன்கள் எட்டு மாதமாய் வெளிச்சம் காய்கின்றன. சனம் வரும், திறக்கும், மூடும், படம் எடுத்துப் பார்க்கும். "வடிவாய்த்தான் கிடக்கு. உடைஞ்சா ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போய் வீதிக்கரையில் சர்பத் குடிக்கும்.

இந்த ஆனியில் கொழும்புக் கம்பனியொன்று ஒரு தகவல் அனுப்பியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரேயொரு கடையைத் தெரிவுசெய்து, உள்திரையும் பிணைச்சலும் பற்றரியும் நிறைந்த பெட்டியொன்றை அங்கே இறக்கிவைக்கப் போகிறார்களாம். விண்ணப்பித்தவர்களைச் சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சியது, வீதிக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருவரும். பெட்டி வந்தால் ஆரபி நம்பிக்கையோடு மடிக்கிற போனைக் கையில் எடுக்கலாம். வராவிட்டால் மார்கழியோடு அதற்கு முழுக்குப் போட்டுவிட்டு, காலம் முழுக்கச் சாதாரண போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நல்லூர்த் தேர் முடிந்த செவ்வாய்க்கிழமை, கம்பனி ஆள் கொலின்ஸ் வந்து இறங்கினார். குருநகர்க் கத்தோலிக்கர், இருபது வருடக் கொழும்பு வாசத்திலும் ஊர்ப்பேச்சு மாறாதவர். றஜிந்தன் கடையில் குளிராயிருந்து சோடா குடித்துவிட்டு, படிவத்தோடு வீதியைக் கடந்து வந்து ஆரபியின் கடை வாங்கில் குந்தினார். அதே நேரம் வாசலில் செல்வநாயகம் வந்து நின்றார். கனடாவிலிருந்து தேருக்கு வந்தவர், அறுபது வயதிருக்கும். அவருடைய போன் பாதி திறந்த சிப்பிபோல் நின்றது. விரியவும் மாட்டாது, மூடவும் மாட்டாது.

"பிள்ளை, அங்காலைக் கடையிலை கேட்டனான். கொழும்புக்கு அனுப்பி எடுக்க ரெண்டு மாதமாம். எனக்கு வியாழக்கிழமை பிளேன்."

ஆரபி அதை வாங்கிக் காதோரம் வைத்து, அசைந்த அளவுக்கு அசைத்தாள். பிறகு கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மணலில்லை. மணலெண்டா நறநறக்கும். இது உஸ் எண்டுது. ஐயா, இதுக்குள்ளை என்னத்தை வைச்சு மடிச்சனீங்கள்?"

"ஒண்டும் வைக்கேல்லையே."

"ஐயா..."

செல்வநாயகம் கொலின்ஸைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "விபூதி" என்றார், மெல்லிய குரலில்.

"விபூதியோ?"

"பொட்டலம், பிள்ளை. சும்மா கொட்டேல்லை. கோயிலிலை சட்டையைக் கழட்டிப்போட்டு நிண்டனான், பொக்கற்றுக்கு எங்கை போறது? ஐயர் தந்ததைக் கீழை போடேலுமே? போன் பேர்ஸ் மாதிரித்தானே கிடக்கு. நடுவிலை வைச்சு மடிச்சு அரையிலை செருகிட்டன்."

"பூவும் வைச்சனீங்களோ?"

"ஒரே ஒரு நந்தியாவட்டை. சின்னன்."

கொலின்ஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்கடை ஆக்களெண்டா மெழுகுதிரியை வைச்சு மடிச்சிருப்பினம்!"

இரண்டு வாளி தண்ணீர் போயிற்று. நாலு தெளிப்பு ஆயிற்று. மின்விசிறி நின்றது. கொலின்ஸின் சட்டை முதுகோடு ஒட்டியது. சூடுகாட்டும் தட்டில் போனைக் கிடத்தி, பின்மூடியை நகத்தளவு நகத்தளவாய்க் கிளப்பி, கடுகுபோன்ற திருகாணிகளை ஒவ்வொன்றாய்க் காந்தத்தில் அடுக்கினாள் ஆரபி. அந்த நேரம் பார்த்து றஜிந்தன் ஈர வாசலில் வந்து நின்றார். கம்பனி ஆள் இவ்வளவு நேரம் இங்கே என்ன செய்கிறாரென்று அவருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன தங்கச்சி, கம்பனி ஆக்களை அவிச்சு எடுக்கிறீரோ?"

"கதைக்காதேங்கோ அண்ணை. கதைச்சாக் காத்து வரும்."

றஜிந்தன் வாயை மூடினார். சாவகச்சேரிச் சந்தை கண்ட அதிசயங்களில் அதுவும் ஒன்று.

பிணைச்சலின் பற்களுக்குள்ளிருந்து தூரிகை விபூதியை வாரிவாரி எடுத்தது. ஊருக்கே பூசக் காணும். சரி, ஒரு நெற்றிக்குக் காணும். அதை அவள் வீசவில்லை. கடதாசியில் கூட்டி மடித்துச் செல்வநாயகத்திடம் நீட்டினாள். "இந்தாங்கோ ஐயா. இனி நெத்தியிலை வையுங்கோ." மனிதன் மறுபேச்சில்லாமல் அந்த இடத்திலேயே பூசிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் கழிந்து, ஒரு சின்னக் 'களுக்'கோடு போன் பாய்போல் விரிந்தது. திரையில் அவர் எடுத்த தேர்ப்படம் வெளிச்சமாய்த் தெரிந்தது.

"இதிலை பாருங்கோ, ஓரத்திலை ஒரு கறுப்புப் பொட்டு. பூக்காம்பு குத்தினது. அது போகாது. நாளைக்குப் பெரிசாகவும் கூடும்."

"கடுகளவுதானே பிள்ளை. நான் கண்டிருக்கவே மாட்டன்."

"அதுதான் காட்டுறன்."

செல்வநாயகம் போனை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். பிறகு வாசல்பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மடை கடையிலை கிடக்கிற அந்த நீலப் போனை எடுத்து வையும். மருமோளுக்கு வாங்கிக் குடுப்பம் எண்டு பாத்தனான்; இவ்வளவு நேரமும் பயமாய்க் கிடந்தது. இனியென்ன, உடைஞ்சாப் பாக்க இங்கை ஆள் இருக்குத்தானே."

றஜிந்தன் தலையாட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு மாதம் கிடந்த ஆறில் ஒன்று அசைந்துவிட்டது. அசைத்தது தன் குளிரூட்டியல்ல என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

கொலின்ஸ் நெற்றியைத் துடைத்துவிட்டுப் படிவத்தை மடியில் விரித்தார்.

"இதுவரைக்கும் எத்தினை மடிக்கிற போன் திறந்தனீங்கள், தங்கச்சி?"

"இதோடை பத்தொன்பது, சேர்."

"அதிலை உங்கடை கையாலை பழுதாய்ப் போனது?"

பேனா நின்றது. அப்படிப் போன ஒன்றின் சொந்தக்காரி வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஒன்றுமில்லை, சைபர் என்று சொன்னால் கேட்க ஆளில்லை. பெட்டியும் இந்தா, கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது.

"ஒண்டு" என்றாள். "கொடிகாமத்து ரீச்சற்றை போன். சித்திரையிலை. பிணைச்சலை மாத்திப்போட்டு மூடினனான், வெளிச்சமே வரேல்லை. போர்ட் எரிஞ்சுபோச்சு. என்ரை கையாலைதான் செத்தது."

கொலின்ஸ் அவளை ஒரு தரம் பார்த்தார். குனிந்து, 'ஒன்று' என்று எழுதினார். மின்விசிறியைத் திரும்பப் போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

றஜிந்தன் தொண்டையைச் செருமினார்.

"அது சாகேல்லை" என்றார்.

ஆரபி நிமிர்ந்தாள்.

"ரீச்சர் வவுனியாவுக்குப் போகேக்கை, சாமானுக்கு எடுங்கோ எண்டு என்னட்டைத்தான் தந்திட்டுப் போனவ. கழட்டிப் பாத்தன். அந்த மொடலுக்கு ரெண்டு பற்றரி, அதிலை சின்னன் செத்துக் கிடந்தது. உமக்கு அந்தப் பற்றரி எங்கையும் கிடைச்சிராது, எனக்குத் தற்செயலாய் ஒண்டு கிடைச்சுது. போட்டன், எழும்பிட்டுது. போர்ட்டுக்கு ஒண்டுமில்லை. உம்மடை பிணைச்சலுக்கும் ஒண்டுமில்லை." அவர் சட்டைக் கழுத்தை விரலால் இழுத்துவிட்டார். "மூண்டு மாதமாய் நான்தான் வைச்சுப் பாவிக்கிறன். உமக்குச் சொல்லேல்லை."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து அந்தப் போனை எடுத்து, ஒற்றைக் கையால் விரித்தார். வெளிச்சம் வந்தது. ஈர வாசலைத் தாண்டி உள்ளே வந்து, கொலின்ஸின் மடியிலிருந்த படிவத்தில், 'ஒன்று' என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலேயே அதை வைத்தார்.

"உந்த ஒண்டை வெட்டுங்கோ, சேர். சைபர்."